காட்டா கண்டெய்னர் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து தீர்வு வரை

பாட் எனப்படும் கண்டெய்னர் தொகுப்பு ஒவ்வொன்றையும் தனியொரு சிறிய மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓட்டித் தனிமைப்படுத்தும் ரன்டைம்தான் காட்டா கண்டெய்னர்ஸ். கூபர்னெட்டிஸ் (பல இயந்திரங்களில் கண்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) கிளஸ்டரில் அவற்றைப் பராமரிப்பவர்களிடம் வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே சிலதான். அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் படிந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். முதலில் அறிகுறி, பிறகு காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கிக் கையைக் கடிக்கும் காரணம் வரை. லினக்ஸ் நோட்கள் (கிளஸ்டரின் இயந்திரங்கள்), கண்டெய்னர்களைத் தொடங்கி நிர்வகிக்கும் கண்டெய்னர்டி, மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் ஹைப்பர்வைசராகக் கியூஎமு அல்லது கிளவுட் ஹைப்பர்வைசர் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளும் கோப்புப் பாதைகளும் ஒலிப்படி எழுதப்பட்டிருக்கின்றன. தட்டச்சு செய்யும்போது வழக்கமான எழுத்துகளிலேயே அடியுங்கள்.

இங்கே கெர்னல் இரண்டு என்பதை மறக்காதீர்கள். நோட்டின் கெர்னல் வெளியே இருக்கிறது. ஒவ்வொரு பாட் தொடங்கும்போதும் அதற்கென்றே எழும் சிறிய மெய்நிகர் இயந்திரத்தின் கெர்னல் உள்ளே இருக்கிறது. கோளாறு உள்ளேயா, வெளியேயா என்று முதலில் பிரித்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பிழை வந்தவுடன் "இப்போதைக்கு" என்று சொல்லி, நோட்டின் கெர்னலிலேயே கண்டெய்னரை ஓட்டும் வழக்கமான ரன்டைமான ரன்சிக்கு மாற்றிவிடாதீர்கள். முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நிரலை ஓட்டுகிறோம் என்பதால்தான் இந்தத் தடுப்பே போடப்பட்டது. அவசரத்தில் எடுத்த தடுப்பைத் திரும்பப் போட யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

## தொடங்கும் முன்: பதிவுகள் எங்கே?

நோட்டில் "ஜர்னல்சிடிஎல் -டி காட்டா" என்று அடித்தால் காட்டாவின் பதிவுகள் மட்டும் வரும். அவை போதவில்லை என்றால் அமைப்புக் கோப்பில் ஹைப்பர்வைசர், ஏஜென்ட், ரன்டைம் ஆகிய மூன்று பிரிவுகளிலும் "எனேபிள்_டிபக்" என்பதை இயக்குங்கள். அதன்பின் "விஎம்கன்சோல்" என்ற சொல்லோடு வரும் வரிகளில் உள்கெர்னல் எழும்போது சொல்வதெல்லாம் அப்படியே கிடைக்கும்.

எந்த அமைப்புக் கோப்பு? இதில்தான் பலருடைய ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது. காட்டா-டிப்ளாய் (காட்டாவை நோட்களில் நிறுவும் கருவி) வழியாக நிறுவியிருந்தால் உண்மையில் படிக்கப்படும் கோப்பு "/ஆப்ட்/காட்டா" கோப்பகத்துக்குள் இருக்கும். அந்தப் பாதை கண்டெய்னர்டியின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். "/இடிசி/காட்டா-கண்டெய்னர்ஸ்" கோப்பில் நீங்கள் எழுதுவதை அப்போது யாரும் படிப்பதில்லை. எதை மாற்றுவதற்கு முன்பும் கண்டெய்னர்டி அமைப்பில் "கான்ஃபிக்பாத்" எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளிலும் கவனம் தேவை. காட்டாவின் 1.0 பதிப்பு 2018 மே மாதம் வந்தது. 2020 அக்டோபரில் வந்த 2.0 உள்கட்டமைப்பையே மாற்றிவிட்டது. காட்டா-பிராக்சி என்ற தனி நிரலைத் தேடச் சொல்லும் கட்டுரை பழைய பதிப்புக்கானது. அதை மூடிவிடுங்கள்.

## அறிகுறி 1: எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் இது மெய்நிகர் இயந்திரத்துக்குள்தான் ஓடுகிறதா?

யாரும் புகாராகக் கொண்டுவராத கோளாறு இது. அதனாலேயே முதலில் வைக்கிறேன். பாட் பச்சை நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும், பயனருக்குச் சேவை கிடைக்கும், தனிமைப்படுத்தல் மட்டும் இருக்காது.

சோதனை எளியது. பாட் உள்ளே ஒரு முறை, நோட்டில் ஒரு முறை "யூநேம் -ஆர்" அடியுங்கள். இரண்டு இடத்திலும் கெர்னல் பதிப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் அந்தக் கண்டெய்னர் நோட்டின் கெர்னலிலேயே ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள். நோட்டில் "பிஎஸ்" பட்டியலில் அந்தப் பாட்-க்குரிய கியூஎமு அல்லது கிளவுட் ஹைப்பர்வைசர் செயல்முறை இல்லை என்றால் சந்தேகம் உறுதி.

பெரும்பாலும் காரணம் ஒரு வரிதான்: பாட் எந்த ரன்டைமில் ஓட வேண்டும் என்று சொல்லும் "ரன்டைம்கிளாஸ்நேம்" விடுபட்டிருக்கும். அல்லது டெப்ளாய்மென்ட் கோப்பில் தவறான உள்தள்ளலில் இருக்கும். அந்த வரி "டெம்ப்ளேட்" பகுதிக்குள் இருக்கும் "ஸ்பெக்" கீழே வர வேண்டும். மேலே இருக்கும் "ஸ்பெக்" கீழே எழுதினால் பயனில்லை. இரண்டும் சரியாக இருந்தால், அந்த ரன்டைம் கிளாஸ் சுட்டும் ஹேண்ட்லர் கண்டெய்னர்டி அமைப்பில் எந்த ரன்டைம் வகையைக் குறிக்கிறது என்று பாருங்கள். சோதனைக்காக யாரோ அதை ரன்சிக்குத் திருப்பிவிட்டு மறந்திருக்கலாம்.

ஒரு முறை சரிசெய்தால் போதாது. அந்த நேம்ஸ்பேசில் இந்த வரி இல்லாத பாட் வந்தால் ஏற்க மறுக்கும் கொள்கை ஒன்றை எழுதி வையுங்கள். கூபர்னெட்டிஸ் 1.30 முதல் "வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசி" நிலையான வசதியாகிவிட்டது. வெளி மென்பொருள் எதுவும் தேவையில்லை.

## அறிகுறி 2: பாட் "கண்டெய்னர் கிரியேட்டிங்" நிலையிலேயே நிற்கிறது

"கியூப்சிடிஎல் டிஸ்கிரைப்" கடைசியில் காட்டும் நிகழ்வு வரிகளைப் படியுங்கள். எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்பதை அவையே சொல்லும்.

### 2அ: அந்தப் பெயரில் ரன்டைம் எதுவும் அமைக்கப்படவில்லை என்கிறது

ரன்டைம் கிளாஸில் உள்ள ஹேண்ட்லர் பெயரும் கண்டெய்னர்டி அமைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா? ஒன்றில் "காட்டா" என்றும் மற்றொன்றில் "காட்டா-கியூஎமு" என்றும் இருந்தால் போதும், இந்தப் பிழை வரும். பெயர் சரி என்றால் கண்டெய்னர்டியை மறுதொடக்கம் செய்தீர்களா என்று பாருங்கள்.

அதுவும் செய்தாகிவிட்டது என்றால் "கண்டெய்னர்டி கான்ஃபிக் டம்ப்" அடியுங்கள். கோப்பில் நீங்கள் எழுதியதை விட்டுவிட்டு, கண்டெய்னர்டி உண்மையில் புரிந்துகொண்டதை இது காட்டும். இதில் காட்டா பிரிவு இல்லை என்றால் இரண்டு காரணங்கள் வழக்கமானவை. கே3எஸ் (கூபர்னெட்டிஸின் எளிய வடிவம்) பயன்படுத்தினால் கண்டெய்னர்டியின் அமைப்பு "/வார்/லிப்/ராஞ்சர்" கோப்பகத்துக்குள் வார்ப்புருக் கோப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுகிறது. "/இடிசி/கண்டெய்னர்டி"யில் எழுதுவது வீண். மற்றது, கண்டெய்னர்டி 2 வரிசைக்கு மாறியவர்களுக்கு நேர்வது. கோப்பின் தலையில் பதிப்பு 3 என்று போட்டுவிட்டு, பழைய சிஆர்ஐ (கூபர்னெட்டிஸுடன் பேசும் இடைமுகம்) செருகுநிரலின் பெயரில் பிரிவை எழுதினால் அந்தப் பிரிவு கணக்கில் எடுக்கப்படுவதில்லை. பதிப்பு 3இல் பிரிவின் பெயரே வேறு.

பிரிவு இருக்கிறது, ஆனாலும் தொடங்கவில்லை என்றால் "கண்டெய்னர்டி-ஷிம்-காட்டா-வி2" என்ற இயங்குகோப்பு (கண்டெய்னர்டிக்கும் காட்டா இயந்திரத்துக்கும் இடையே நிற்கும் ஷிம்) கண்டெய்னர்டியின் தேடல் பாதையில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஷெல்லின் பாதையில் இருப்பது போதாது; சிஸ்டம்டி சேவையின் பாதை வேறு.

### 2ஆ: கேவிஎம் கிடைக்கவில்லை என்கிறது

கேவிஎம் என்பது லினக்ஸ் கெர்னலின் மெய்நிகராக்க வசதி. "காட்டா-ரன்டைம் செக்" அடியுங்கள். "/டெவ்/கேவிஎம்" இல்லை என்று சொன்னால், முதலில் கேவிஎம் மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று "எல்எஸ்மாட்" மூலம் பாருங்கள். ஏற்ற முடியவில்லை என்றால் "/பிராக்/சிபியுஇன்ஃபோ"வில் இன்டெல் செயலிக்கு "விஎம்எக்ஸ்", ஏஎம்டிக்கு "எஸ்விஎம்" என்ற கொடி இருக்கிறதா என்று தேடுங்கள்.

சொந்த சர்வரில் கொடியோ மாட்யூலோ இல்லை என்றால் பயாஸில் மெய்நிகராக்கம் அணைக்கப்பட்டிருக்கும். மறுதொடக்கம் ஒன்று செய்து இயக்கினால் சரியாகிவிடும்.

நோட்டே ஒரு மெய்நிகர் இயந்திரம் என்றால் செலவு தொடங்குகிறது. உங்களுக்குத் தேவை இயந்திரத்துக்குள் இயந்திரம். கீழ்மட்டச் சர்வர் உங்கள் கையில் இருந்தால் அங்கே "கேவிஎம்_இன்டெல்" மாட்யூலின் "நெஸ்டட்" மதிப்பு "ஒய்" அல்லது 1 என்று இருக்க வேண்டும். கூகுள் கிளவுடில் இந்த வசதியைத் தனியாக இயக்க வேண்டும்; ஈ2 வகையில் அது கிடையவே கிடையாது. அமேசானில் நீண்ட காலம் "மெட்டல்" என்று முடியும் வகைகளே ஒரே வழியாக இருந்தன. இந்த இடத்தில் நோட்டுக்குள் இருந்து எந்தக் கட்டளை அடித்தும் பயனில்லை. இயந்திர வகையை மாற்ற வேண்டும். மாதச் செலவை முடிவு செய்பவரிடம் பேச வேண்டும்.

### 2இ: ஏஜென்டுடன் இணைக்க முயன்று நேரம் கடந்துவிட்டது என்கிறது

இயந்திரம் எழுந்தது, ஆனால் உள்ளே இருக்கும் காட்டா ஏஜென்ட் பேசவில்லை என்று பொருள். வெளியிலிருந்து உள்ளே பேசும் வழி வி-சாக் என்ற தகவல் தொடர்பு முறை. "வி-ஹோஸ்ட்_வி-சாக்" மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நோட் விஎம்வேர் மீது ஓடினால், அதற்கான வி-சாக் மாட்யூல் ஏற்கெனவே இடத்தைப் பிடித்திருக்கும், லினக்ஸ் 5.5க்கு முந்தைய கெர்னல்களில் இரண்டும் ஒன்றாக இயங்காது. நோட்டின் கெர்னலைப் புதுப்பிப்பதே அங்கே சரியான வழி.

மாட்யூல் சரியென்றால் "விஎம்கன்சோல்" வரிகளுக்குப் போங்கள். அந்த வரிகளே இல்லை என்றால் கெர்னல் எழவே இல்லை. ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று நின்றிருந்தால் இயந்திரப் படக் கோப்பின் பாதை தவறு, அல்லது ஒரு பதிப்பின் கெர்னலும் வேறு பதிப்பின் படமும் கலந்திருக்கின்றன. பாதி நிறுவல், பாதி மேம்பாடு நடந்த நோட்களில் இது சகஜம்; முழுவதும் ஒரே பதிப்பில் மறுபடி நிறுவுங்கள். வரிகள் ஒழுங்காக, ஆனால் ஆமை வேகத்தில் நகர்ந்தால் அடுக்கு மெய்நிகராக்கத்தின் மந்தம் அது. அமைப்புக் கோப்பில் "டயல்_டைம்அவுட்" மதிப்பைக் கூட்டினால் பாட் எழுந்துவிடும். ஆனால் எழுந்த பிறகும் அது மந்தமாகவே ஓடும் என்பதை உரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

### 2ஈ: நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்கிறது

நோட்டில் இடம் இருக்கிறது என்று "ஃப்ரீ" காட்டும், ஆனாலும் கியூஎமு மறுக்கும். "/டெவ்/ஷ்ம்" எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று "டிஎஃப்" மூலம் பாருங்கள். விர்ட்டியோ-எஃப்எஸ் (நோட்டின் கோப்பகங்களை இயந்திரத்துக்குள் பகிரும் வழி) பயன்படுத்தும்போது கியூஎமு இயந்திரத்தின் நினைவகத்தை அங்கேதான் வைக்கிறது. அதன் இயல்பான உச்சவரம்பு மொத்த ரேமில் பாதி. அதை உயர்த்தி மவுன்ட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

## அறிகுறி 3: ரன்சியில் ஓடிய நிரல் இங்கே நினைவகம் தீர்ந்து சாகிறது

எது செத்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கண்டெய்னர் மட்டும் 137 என்ற குறியீட்டோடு முடிந்து, பாட் அப்படியே இருந்தால் உள்கெர்னல் கொன்றிருக்கிறது. பாட் முழுவதுமே விழுந்து, நோட்டின் "டிமெஸ்ஜி"யில் (கெர்னலின் செய்திகள்) கியூஎமுவின் பெயர் இருந்தால் வெளிக்கெர்னல் கொன்றிருக்கிறது.

### உள்ளே என்றால்

பாட் வரையறையில் நினைவக உச்சவரம்பு எழுதப்பட்டிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ரன்சியில் உச்சவரம்பு இல்லை என்றால் நோட்டின் ரேம் முழுவதும் அந்த நிரலுக்குத் திறந்தே கிடக்கும். காட்டாவில் அப்படி இல்லை. உச்சவரம்பு சொல்லாத பாட், இயல்பு அளவில் எழும் இயந்திரத்தோடு நின்றுவிடுகிறது. அது 2048 மெபிபைட் நினைவகம், ஒரு மெய்நிகர் சிபியு. 64 ஜிகாபைட் நோட்டில் 3 ஜிகாபைட் கேட்கும் ஜாவா நிரல் செத்துவிழுவதன் மர்மம் இவ்வளவுதான். "எல்லாம் மெதுவாக இருக்கிறது" என்ற புகாரிலும் பாதி இந்த ஒற்றை சிபியுவால் வருகிறது. உள்ளே "என்பிராக்" அடித்தால் 1 என்று காட்டும்.

உச்சவரம்பை எழுதுங்கள். காட்டா அந்த அளவை இயல்பு அளவோடு கூட்டி இயந்திரத்தைப் பெரிதாக்கும். ஃபயர்கிராக்கர் என்ற வேறொரு ஹைப்பர்வைசரைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓடும்போது பெரிதாக்கும் வழி கிடையாது. தொடக்கத்திலேயே சரியான அளவில் எழ வேண்டும்.

அனொடேஷன் (பாட் வரையறையில் சேர்க்கும் கூடுதல் குறிப்பு) மூலம் இயல்பு அளவை மாற்ற முயன்று அது எடுபடவில்லை என்றால், கதவு இரண்டு இருக்கிறது என்று நினைவில் கொள்ளுங்கள். காட்டா அமைப்பில் "எனேபிள்_அனொடேஷன்ஸ்" பட்டியல் ஒன்று. கண்டெய்னர்டி அமைப்பில் "பாட்_அனொடேஷன்ஸ்" மற்றொன்று. இரண்டிலும் அனுமதி இருந்தால்தான் மதிப்பு உள்ளே போகும். வேலை முடிய வேண்டும் என்பதற்காக எல்லா அனொடேஷன்களையும் அனுமதித்துவிடாதீர்கள். சிலவற்றால் கெர்னல் கோப்பின் பாதையையே மாற்ற முடியும். பாட் எழுதும் எவர் கையிலும் அந்த அதிகாரம் போகக் கூடாது.

### வெளியே என்றால்

இயந்திரத்தை ஓட்டவே கொஞ்சம் நினைவகம் போகிறது. ரன்டைம் கிளாஸில் "ஓவர்ஹெட்" பகுதி இல்லை என்றால் கூபர்னெட்டிஸ் அதைக் கணக்கில் சேர்க்காது. "சாண்ட்பாக்ஸ்_சிகுரூப்_ஒன்லி" இயங்கும் நிலையில் கியூஎமுவும், விர்ட்டியோ-எஃப்எஸ் பகிர்வை நோட்டில் நடத்தும் விர்ட்டியோஎஃப்எஸ்டியும் பாட்-இன் ஒதுக்கீட்டுக்குள்ளேயே அடங்க வேண்டியிருப்பதால் வெளிக்கெர்னல் கழுத்தைப் பிடித்துவிடும். கியூஎமுவுக்குக் காட்டா-டிப்ளாய் வைக்கும் மதிப்பு 160 மெபிபைட் நினைவகமும் 250 மில்லி சிபியுவும். கோப்புகளை அதிகம் புரட்டும் பணிகளுக்கு அதைவிடக் கூடுதலாக வையுங்கள்.

## அறிகுறி 4: கோப்பு வேலை மந்தம், அல்லது கோப்பு மாறியது நிரலுக்குத் தெரியவில்லை

ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடும் வேலையில்தான் இது கண்ணில் படும்: "என்பிஎம் இன்ஸ்டால்", பெரிய கிட் களஞ்சியம், தரவுத்தளம். ஒவ்வொரு கோப்புத் திறப்பும் இயந்திரத்தின் எல்லையைக் கடந்து விர்ட்டியோஎஃப்எஸ்டி வரை போய்த் திரும்புகிறது.

தற்காலிகக் கோப்புகளை நினைவகத்தில் அமையும் "எம்ப்டிடைர்" பகுதிக்கு மாற்றுவது முதல் படி. அது இயந்திரத்துக்குள்ளேயே இருப்பதால் எல்லையைக் கடக்காது. அந்த இடம் நினைவகக் கணக்கில் சேரும் என்பதால் உச்சவரம்பைக் கூட்டுங்கள். அடுத்தது "விர்ட்டியோ_எஃப்எஸ்_கேஷ்". "நெவர்" என்றிருந்தால் "ஆட்டோ"வுக்கு மாற்றுங்கள். "ஆல்வேஸ்" இன்னும் வேகம்தான், ஆனால் அதே கோப்பகத்தில் வெளியிலிருந்து வேறு யாராவது எழுதினால் உள்ளே பழைய உள்ளடக்கம் தெரியும். வேறு யாரும் எழுதவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வையுங்கள்.

தரவுத்தளத்துக்கு இந்தச் சில்லறைத் திருத்தங்கள் உதவாது. அதற்குக் கோப்பகப் பகிர்வே வேண்டாம். பிளாக் சாதனமாகவே தொகுதியைக் கொடுங்கள். சேமிப்பக வழங்கியை மாற்ற வேண்டிவந்தாலும் அந்தச் செலவு நியாயமானது.

கோப்பை மாற்றியும் வளர்ச்சிச் சர்வர் தானாக மறுதொடக்கம் ஆகவில்லை என்றால் ஐநோட்டிஃபை (கோப்பு மாறியதை நிரலுக்கு அறிவிக்கும் லினக்ஸ் வசதி) காரணம். வெளியே நடக்கும் மாற்றத்தின் அறிவிப்பு விர்ட்டியோ-எஃப்எஸ் வழியே உள்ளே வருவதில்லை. உங்கள் கருவியில், கோப்புகளைக் குறித்த இடைவெளியில் தானே சோதித்துப் பார்க்கும் முறை இருந்தால் அதை இயக்குங்கள்.

## அறிகுறி 5: வலையமைப்பு பாதி வேலை செய்கிறது

மற்றொரு பாட்-இன் ஐபி முகவரிக்கு நேராகப் போனால் பதில் வருகிறது. சர்வீஸின் (பல பாட்களுக்கு முன்னால் நிற்கும் பொது முகவரி) முகவரிக்குப் போனால் வரவில்லை. இந்தச் சேர்க்கையைக் கண்டதும் சிஎன்ஐ (பாட்களின் வலையமைப்பை அமைக்கும் செருகுநிரல்) எது என்று கேளுங்கள். சிலியம் என்றால் விடை அநேகமாகக் கையில் இருக்கிறது. சர்வீஸ் முகவரியைப் பாட்-க்குத் திருப்பிவிடும் கியூப்-பிராக்சிக்குப் பதிலாகச் சிலியம் வேலை செய்யும்போது சர்வீஸ் முகவரியை சாக்கெட் மட்டத்திலேயே மாற்றிவிடுகிறது. காட்டாவில் அந்த சாக்கெட் உள்கெர்னலில் திறக்கப்படுகிறது. வெளிக்கெர்னலில் இருக்கும் சிலியத்துக்கு அது தெரிவதே இல்லை. சிலியம் அமைப்பில் "சாக்கெட்எல்பி" பகுதியின் "ஹோஸ்ட்நேம்ஸ்பேஸ்ஒன்லி" என்பதை இயக்கி, சிலியம் ஏஜென்ட்களை மறுதொடக்கம் செய்யுங்கள்.

"ஹோஸ்ட்நெட்வொர்க்" கேட்கும் பாட் காட்டாவில் சரிவராது. இயந்திரத்துக்குள் இருந்துகொண்டு நோட்டின் வலையமைப்பை அப்படியே பகிர முடியாது. அத்தகைய பாட் உண்மையில் கிளஸ்டரின் உள்கட்டமைப்புக் கருவியாக இருந்தால் அதற்குக் காட்டா தேவையில்லை. நம்பிக்கையற்ற நிரலே அதைக் கேட்டால், அதற்கு அந்த அனுமதியே தரக்கூடாது.

வயர்கார்டு, டன், அல்லது ஏதோ ஒரு ஐபிடேபிள்ஸ் மாட்யூல் இல்லை என்று பிழை வந்தால் நோட்டில் "மாட்புரோப்" அடித்துப் பயனில்லை. தேவை உள்கெர்னலில். காட்டாவுடன் வரும் கெர்னல் வேண்டுமென்றே மெலிதாக்கப்பட்டது. விடுபட்டதைச் சேர்த்துப் புதிதாகக் கெர்னல் கட்ட வேண்டும். கட்டுவதைவிட, பிறகு ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்துக்கும் அதை மறுபடி கட்டிக்கொண்டே இருப்பதுதான் பெரிய பொறுப்பு. அதை ஏற்க ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

## அறிகுறி 6: "பிரிவிலேஜ்ட்" பாட் எழவில்லை

சிறப்பு அதிகாரங்களோடு எழும் பாட் இது. கண்டெய்னர்டி அமைப்பில் காட்டா பிரிவின் கீழ் "பிரிவிலேஜ்ட்_வித்அவுட்_ஹோஸ்ட்_டிவைசஸ்" என்பதை இயக்குங்கள். இல்லாவிட்டால் நோட்டின் சாதனங்கள் எல்லாவற்றையும் இயந்திரத்துக்குள் தள்ள முயலும். பாட் எழவில்லை என்பதைவிட அது எழுந்துவிடுவதுதான் இங்கே ஆபத்து.

## அறிகுறி 7: அழித்த பாட் "டெர்மினேட்டிங்" நிலையில் தொங்குகிறது

நோட்டில் அந்தப் பாட்-க்குரிய ஷிம், கியூஎமு, விர்ட்டியோஎஃப்எஸ்டி செயல்முறைகளில் எவை மிஞ்சியிருக்கின்றன என்று பாருங்கள். ஷிம் இருந்தால் அதன் பதிவைப் படியுங்கள். உள்ளே மவுன்ட் ஒன்று சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் பதில் தராத என்எஃப்எஸ் சர்வர் இருக்கலாம். அந்தச் சர்வர் திரும்பி வந்தால் பாட் தானாக முடியும். ஷிம் போய்க் கியூஎமு மட்டும் அனாதையாக நின்றால் அதை நிறுத்தலாம்.

இப்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம். "/ரன்/காட்டா-கண்டெய்னர்ஸ்/ஷேர்ட்" கோப்பகத்தில் மிச்சங்கள் கிடக்கும். "ஆர்எம் -ஆர்எஃப்" என்று அடித்துச் சுத்தம் செய்யக் கை பரபரக்கும். அடிக்காதீர்கள். அதற்குள் இருப்பவை வெளிக் கோப்பகங்களின் பைண்ட் மவுன்ட்கள் (அதே கோப்பகத்தை வேறொரு இடத்திலும் காட்டும் இணைப்புகள்). ஒன்று மிச்சமிருந்தாலும் அந்தக் கட்டளை உண்மையான தரவுத் தொகுதிக்குள் இறங்கி அழித்துவிடும். இருப்பவற்றை முதலில் "யூமவுன்ட்" செய்து, "ஃபைண்ட்மவுன்ட்" பட்டியலில் அந்தப் பாதையின் கீழ் எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே வெற்றுக் கோப்பகங்களை "ஆர்எம்டைர்" மூலம் நீக்குங்கள். காலியாக இல்லாத கோப்பகத்தை அது தொடாது என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

## எப்போது வேறொருவரை அழைக்க வேண்டும்?

நோட்டின் "டிமெஸ்ஜி"யில் கேவிஎம் பெயரோடு கெர்னல் பிழைகள் வருகின்றன என்றால் அந்த நோட்டை உடனே வேலையிலிருந்து விலக்கிவிட்டு, லினக்ஸ் விநியோகத்தின் ஆதரவுக் குழுவிடமோ வன்பொருள் பொறுப்பாளரிடமோ ஒப்படையுங்கள். ஒரே வகைப் பிழை ஒரே நோட்டில் மட்டும் வந்தால் ரேமைச் சோதிக்கச் சொல்லுங்கள். கிளவுடில் வகையை மாற்றிய பிறகும் "விஎம்எக்ஸ்" கொடி தெரியவில்லை என்றால் அது வழங்குநரின் வேலை.

பாட் உள்ளே இருந்த நிரல் நோட்டின் கோப்புகளைத் தொட்டதாகச் சிறு தடயம் கிடைத்தாலும் பிழை நீக்கத்தை அங்கேயே நிறுத்துங்கள். எதையும் மறுதொடக்கம் செய்யாதீர்கள், அழிக்காதீர்கள். வலையமைப்பைத் துண்டித்துவிட்டுப் பாதுகாப்புக் குழுவை அழையுங்கள். அவர்களுக்கு நினைவகத்தில் இருப்பதும் சான்றுதான்.

காட்டாவிலேயே பிழை என்று தோன்றினால் திட்டத்தின் பராமரிப்பாளர்களிடம் எழுதலாம். "காட்டா-கலெக்ட்-டேட்டா" என்ற நிரல் பதிப்புகள், அமைப்பு, பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் திரட்டித் தரும். அனுப்பும் முன் அதை முழுவதும் படித்து உள்முகவரிகளையும் கடவுச்சொற்களையும் நீக்குங்கள். பிழை தேடும்போது "எனேபிள்_டிபக்"கையோ, இயந்திரத்துக்குள் நுழைய வழி திறக்கும் "டிபக்_கன்சோல்_எனேபிள்ட்"டையோ இயக்கியிருந்தால் இரண்டையும் அதே நாளில் அணைத்துவிடுங்கள். இரண்டாவது திறந்திருந்தால் நோட்டில் ரூட் அதிகாரம் உள்ள எவரும் எந்தக் கண்டெய்னர் இயந்திரத்துக்குள்ளும் நேராக நுழைந்துவிட முடியும்.